உப்பும் கம்பியும்: ஓஷானெசி என்ற தந்திப் பொறியியலாளரின் இரு பணிகள்

வில்லியம் புரூக் ஓஷானெசி என்ற பெயரைத் தந்தியோடு சேர்த்துத்தான் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1850களில் கல்கத்தாவையும் ஆக்ராவையும் பம்பாயையும் சென்னையையும் கம்பியால் இணைத்தவர் அவர். அவர் இந்தியத் தந்தித் துறைக்குத் தலைமை வகித்த காலத்தில்தான், 1858 இல், அந்தக் கம்பி இராமேசுவரக் கரையிலிருந்து கடலடியாக வந்து இலங்கையின் மன்னாரைத் தொட்டது. ஆனால் அவர் பொறியியல் படித்தவர் அல்லர். வைத்தியம் படித்தவர். தந்தியைத் தொடுவதற்கு முன்பே, தமது 23ஆவது வயதில், கொலரா நோயாளியின் உடலில் என்ன குறைகிறது என்பதை அளந்து சொன்னவர்.

இந்த இரண்டு பணிகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இதை வன்னியிலுள்ள கண்டாவளையிலிருந்து எழுதுகிறேன். மன்னார்க் கரையில் ஏறிய அந்தக் கம்பியும், கோப்பித் தோட்டங்களுக்காக அதே கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளரும், அவர்களைக் கொன்ற கொலராவும் வன்னியின் மேற்குக் காட்டோரத்தைச் சேர்ந்த கதைகள். ஓஷானெசியின் வாழ்க்கையைப் படிக்கும்போது அந்த மூன்றும் ஒரே மனிதரின் மேசையில் வந்து சேர்கின்றன.

அவர் 1808 ஒக்ரோபரில் அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்தார். எடின்பரோவில் வைத்தியம் படித்து 1829 இல் பட்டம் பெற்றார். இலண்டன் நகரில் தொழில் செய்ய அங்குள்ள வைத்தியர் கல்லூரியின் உரிமம் அன்று வேண்டியிருந்தது. அது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இரசாயனப் பகுப்பாய்வை நம்பி வாழத் தொடங்கினார். அந்த நேரத்தில் வங்காளத்திலிருந்து புறப்பட்டு ரஷ்யாவையும் ஐரோப்பாவையும் கடந்து வந்த கொலரா, 1831 கடைசியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் துறைமுகத்தில் இறங்கியது. ஓஷானெசி அங்கே போய் நோயாளிகளின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார். இரத்தம் தன் நீரின் பெரும்பகுதியை இழந்திருந்தது. உப்புகளையும் காரங்களையும் இழந்திருந்தது. அவை நோயாளியின் கழிவில் இருந்தன. 1831 டிசெம்பரிலும் அடுத்த மாதங்களிலும் ‘லான்செற்’ இதழ் வழியாகவும் தனி அறிக்கையாகவும் இதை வெளியிட்டார். இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சையாக வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு.

அக்காலத்து வைத்தியர்கள் கொலரா நோயாளியின் இரத்தத்தை வெட்டி வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த முடிபின் துணிவு விளங்கும். ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்த உடலிலிருந்து மேலும் இறைத்தார்கள். அந்த இளைஞர் அதற்கு நேரெதிரான வழியைக் காட்டினார். ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் இருந்த தோமஸ் லாற்றா என்ற வைத்தியர் 1832 இல் அதைச் செய்தும் பார்த்தார். நாடி விழுந்த நோயாளிகளின் நாளத்துக்குள் உப்புநீரைச் செலுத்தினார். சாவின் விளிம்பில் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் நீர் கொதிக்கவைக்கப்படவில்லை. கொடுத்த அளவும் பல வேளை போதவில்லை. ஒருமுறை தேறியவர் மறுபடி வற்றியபோது தொடர்ந்து கொடுக்கும் ஏற்பாடு இல்லை. பலர் இறந்தார்கள். லாற்றாவும் 1833 இல் இறந்துபோனார். வைத்திய உலகம் அந்தச் சிகிச்சையை மறந்து மீண்டும் இரத்தம் வெட்டப் போனது.

அதே 1833 இல் ஓஷானெசி கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவிச் சத்திரவைத்தியராகக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். 1835 இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனவியல் பேராசிரியரானார். இந்திய மாணவர்களுக்கு மேலை வைத்தியத்தை முறையாகக் கற்பித்த முதல் தலைமுறை ஆசிரியர்களில் அவரும் ஒருவர். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன் நினைவுக்கு வருவார். கிறீன் 1847 இல்தான் வந்தார். இருவரும் உள்ளூர் மாணவன் கையில் கருவியைக் கொடுக்கலாம் என்று நம்பியவர்கள். கிறீன் இன்னும் ஒரு படி மேலே போய்த் தமிழிலேயே கற்பித்தார். அந்தப் பெருமை ஓஷானெசிக்கு இல்லை.

கல்கத்தாவில் அவர் கைவைக்காத பொருள் குறைவு. நாட்டு மருந்துகளை ஆராய்ந்தார். கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்து அதன் வேலையைப் பதிவுசெய்து 1839 இல் கட்டுரை எழுதினார். ஏற்புவலியின் இழுப்பை அது தணிப்பதைக் கண்டார். மேலை வைத்தியத்துக்குள் கஞ்சா நுழைந்தது அந்தக் கட்டுரை வழியாகத்தான். பின்னர் வங்காள மருந்து நூல்கள் இரண்டையும் தொகுத்தார். 1843 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. பின்பு கல்கத்தா நாணயச் சாலையில் உலோகம் சோதிக்கும் அதிகாரியானார். அந்த நாணயச் சாலை வேலை பின்னால் தந்திக்கு உதவியது. ஏனெனில் அவருடைய முதல் தந்தியாளர் அங்கிருந்துதான் வந்தார்.

தந்தியில் அவர் இறங்கியதும் 1839 இல்தான். அந்த ஆண்டில் இங்கிலாந்தில் குக், வீற்ஸ்ரன் இருவரும் புகையிரதப் பாதை ஓரமாக 13 மைலுக்குத் தந்தி போட்டார்கள். அமெரிக்காவில் மோர்ஸின் வாஷிங்ரன்–பால்ற்றிமோர்ப் பாதைக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஓஷானெசி ஊக்ளி ஆற்றங்கரையில் இருந்த கல்கத்தாத் தாவரவியற் பூங்காவில் மூங்கில்களை நட்டு, பத்து மைலுக்கும் மேற்பட்ட இரும்புக் கம்பியை அவற்றில் சுற்றிச் சுற்றிக் கட்டினார். ஒரு பகுதியை ஆற்றுநீருக்குள் இறக்கினார். செய்தியை வாங்கும் கருவி மனித விரல். இரு முனைகளிலும் ஒரே சீராக ஓடும் கடிகாரங்கள் இருக்கும். மின்னதிர்ச்சி விரலில் தட்டும் கணத்தில் முள் எங்கே நிற்கிறதோ, அதைக் கொண்டு எழுத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவுகளை வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அரசு திரும்பிப் பார்க்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது.

1848 இல் டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகு நிலைமை மாறியது. நாடுகளைக் கைப்பற்றுவதில் வேகம் காட்டிய டல்ஹௌசிக்குச் செய்தியும் வேகமாக வேண்டியிருந்தது. ஊக்ளி ஆற்றின் முகத்துக்குக் கப்பல் வந்துவிட்டதா என்று கல்கத்தாவில் தெரிந்துகொள்ளவே அன்று நெடுநேரம் பிடிக்கும். ஆகவே கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹாபர் வரை ஒரு சோதனைப் பாதை போட ஓஷானெசியிடம் சொன்னார்கள். 1851 இல் அது வேலை செய்தது. 1852 மார்ச்சுக்குள் ஆற்றின் முகத்தருகே உள்ள கெட்ஜரி வரை 82 மைலாக நீண்டது.

அந்தப் பாதையின் கட்டுமான விபரங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஓஷானெசியின் அறிவு எப்படி வேலை செய்தது என்பதை அவை காட்டுகின்றன. ஐரோப்பாவில் அன்று பயன்பட்ட மெல்லிய கம்பியை அவர் ஒதுக்கினார். அதற்குப் பதிலாக எட்டில் மூன்று அங்குலத் தடிப்புள்ள இரும்புக் கோல்களை முனையோடு முனை ஒட்டவைத்து நீட்டினார். அது ஏறத்தாழப் பத்து மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு மைலுக்கு 2,000 இறாத்தல் அளவு நிறை. காரணங்கள் இரண்டு. முதலாவது, குரங்கு தொங்கும், பருந்தும் காகமும் கூட்டமாக வந்து உட்காரும், புயல் அடிக்கும், மெல்லிய கம்பி அறும். இரண்டாவது காரணம் மின்னியல் சார்ந்தது. மழைக்காலத்தில் ஒவ்வொரு கம்பத்திலும் கொஞ்சம் மின்னோட்டம் ஈரத்தின் வழியே நிலத்துக்குக் கசியும். இரணைமடுக் குளத்திலிருந்து வயலுக்கு வரும் வாய்க்காலை நினைத்தால் இது விளங்கும். வாய்க்கால் ஒடுங்கியதாகவும் கரை ஓட்டையாகவும் இருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது. வாய்க்கால் அகலமாக இருந்தால், அதே ஓட்டைகள் இருந்தும் போதிய நீர் வந்து சேரும். கம்பியின் தடிப்பு இரு மடங்கானால் அதன் மின்தடை நான்கில் ஒன்றாகக் குறையும். தடித்த கோல் அந்த அகலமான வாய்க்கால். ஒவ்வொரு கம்பத்திலும் காப்புக் கிண்ணம் வைக்க வசதியில்லாத நாட்டில், காப்பின் குறையை இரும்பின் தடிப்பால் ஈடுசெய்தார்.

கம்பங்கள் மூங்கில். நிலத்தடியில் போன பகுதிக்கு அவர் செய்த ஏற்பாடு இன்னும் வியப்பானது. கோலைச் சுற்றி மெட்ராஸ் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றி, உருக்கிய கீலில் தோய்த்தார். வரிசையாக வைத்த கூரையோடுகளுக்குள் அதைக் கிடத்தி, மணலும் குங்கிலியமும் கலந்த சூடான கலவையை ஊற்றி மூடினார். சென்னைத் தறியின் துணி, குயவனின் ஓடு, ஆற்று மணல், மரப் பிசின்: எல்லாம் பக்கத்துச் சந்தையில் கிடைப்பவை. ஆற்றைக் கடக்கும் இடத்தில் மட்டும் மலாயாக் காட்டு மரத்தின் பாலான கட்டாபேர்ச்சாவால் மூடிய கம்பியை எடுத்து, அதை ஒரு இரும்புச் சங்கிலியின் வளையங்களுக்குள் பொருத்தி இறக்கினார். படகுகளின் நங்கூரம் இழுத்தாலும் சங்கிலி தாங்கும்.

இப்பாதையின் முதற் செய்தியை டயமண்ட் ஹாபரிலிருந்து அனுப்பியவர் சிப் சந்திர நந்தி. நாணயச் சாலையில் ஓஷானெசியின் கீழ் வேலை பார்த்த வங்காள இளைஞர். மறுமுனையில் டல்ஹௌசியும் ஓஷானெசியும் இருந்தார்கள். பிற்காலத்தில் நந்தி நூற்றுக்கணக்கான மைல் பாதையைப் போட்டார். பத்மா ஆற்றைக் கடக்க நீராவிக் கப்பல் அமர்த்தும் செலவு பெரிதென்று கண்டு, மீனவர்களின் தோணிகளைக் கொண்டே கம்பியை இறக்கினார். அவருக்கு ராய் பகதூர் பட்டம் கொடுத்தார்கள். அந்தத் தோணிகளை வலித்த மீனவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

1852 ஏப்ரலில் இரண்டாம் பர்மியப் போரில் இரங்கூன் வீழ்ந்த செய்தி ஆற்றின் முகத்திலிருந்து இந்தக் கம்பி வழியாகக் கல்கத்தாவுக்கு வந்தது. டல்ஹௌசிக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அந்த மாதமே முழு இந்தியாவுக்கும் தந்தி வேண்டும் என்று இலண்டனுக்கு எழுதினார். ஓஷானெசியையும் அங்கே அனுப்பினார். கம்பெனி இயக்குநர்கள் வழக்கத்துக்கு மாறான விரைவில் இணங்கினார்கள். 1853 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து வேலை தொடங்கியது. 1854 மார்ச் 24 அன்று, ஏறத்தாழ 800 மைல் தொலைவிலுள்ள ஆக்ராவிலிருந்து முதற் செய்தி வந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1855 பெப்ரவரி 1 அன்று, பம்பாயும் சென்னையும் இணைந்த நிலையில், தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது 3,000 மைலுக்கு மேல் பாதையும் 41 கந்தோர்களும் இருந்தன. 1856 இல் பாதை 4,000 மைலை எட்டியது. அந்த ஆண்டில் அவருக்குச் ‘சேர்’ பட்டம் கிடைத்தது.

இந்த நெடும் பாதைகளிலும் இடத்துக்கு ஏற்ற கம்பம் என்ற கொள்கையை அவர் விடவில்லை. அவசரமாகப் போட்ட இடத்தில் மூங்கில். பிறகு அதை மாற்றித் தேக்கு, அரக்கான் காட்டின் இரும்புமரம். சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் கருங்கல் தூண்கள். மரக் கம்பத்துக்குக் கறையான்தான் முதல் எதிரி, மாரி இரண்டாவது. வைரம் பாய்ந்த பனையைக் கறையான் எளிதில் தொடாது என்று அறிந்த நம் ஊர்த் தச்சர்களுக்கு அவருடைய தேடல் நன்றாகப் புரியும். தென்னாட்டில் கல் தாராளமாகக் கிடைத்தது, கல்தச்சரும் இருந்தார்கள். கோயிலுக்குத் தூண் அடித்த சமூகத்தின் கையால் தந்திக்கும் தூண் எழுந்தது.

அவருடைய வேலையில் குறையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வாகாது. உலகம் மோர்ஸ் கருவியை ஏற்றுக்கொண்டிருந்த காலத்தில், தாமே வடிவமைத்த ஊசிக் கருவியைத்தான் அவர் கந்தோர்களில் வைத்தார். சிறு காந்த ஊசி இடமும் வலமும் அசையும். அதைக் கண்ணால் பார்த்து எழுத்தைச் சொல்ல வேண்டும். கருவி மலிவு, கல்கத்தாவிலேயே செய்யலாம். ஆனால் பார்ப்பவர் கண் அயர்ந்தால் எழுத்துத் தவறும், பதிவும் இல்லை. பிழைகள் மலிந்தன, வணிகர்கள் முறையிட்டார்கள். கடைசியில் அவரே 1856 இல் ஐரோப்பாவுக்குப் போய் மோர்ஸ் கருவிகளுக்கு ஏற்பாடு செய்தார்; 1857 இல் அவை பயன்பாட்டுக்கு வந்தன. காப்பில்லாத பாதைகள் மழையில் படுத்தன. சி. சி. அட்லி என்ற பொறியியலாளர் 1866 இல் இந்தியத் தந்தியின் கதையை எழுதியபோது ஓஷானெசியின் முறைகளைக் கடுமையாகக் கண்டித்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பாதைகளில் பெரும் பகுதியைப் பீங்கான் காப்புடன் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அட்லியின் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாம் செம்மையாக அமையும் வரை காத்திருந்தால் அந்த 800 மைல் ஐந்து மாதத்தில் முடிந்திருக்காது. முதலில் ஓடவை, பிறகு திருத்து என்பது அவர் முறை. தம் கருவிமேல் வைத்த பற்றை மட்டும் சில ஆண்டுகள் முன்பே விட்டிருக்கலாம்.

தந்தி யாருக்காகக் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் பதில் வெளிப்பட்டது. மே 11 காலையில் டில்லித் தந்திக் கந்தோரின் பொறுப்பாளர் சார்ள்ஸ் ரொட், மீரட் பக்கம் கம்பி ஏன் பேசவில்லை என்று பார்க்கப் போய்க் கொல்லப்பட்டார். கந்தோரில் இருந்த பிரெண்டிஷ், பில்கிங்ரன் என்ற இரு இளைஞர்கள் அம்பாலாவுக்குச் செய்தி அடித்துவிட்டு வெளியேறினார்கள். அந்தச் செய்தி பஞ்சாப்புக்குப் போய்ச் சேர்ந்ததால், அங்கிருந்த சிப்பாய்களின் ஆயுதங்களை, அவர்கள் நடந்ததை அறியும் முன்பே, பிரித்தானிய அதிகாரிகள் களைந்தார்கள். கிளர்ந்தவர்கள் நூற்றுக்கணக்கான மைல் கம்பியை அறுத்தார்கள்; கம்பங்களைப் பிடுங்கினார்கள். கம்பி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அப்போது இலங்கைக்கு இந்தியாவோடு தந்தித் தொடர்பு இல்லை. செய்தி கப்பலில்தான் வந்தது. தேசாதிபதி ஹென்றி வார்ட் இங்கிருந்த 37ஆம் படைப்பிரிவைக் கப்பலிலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்.

அடுத்த ஆண்டிலேயே அந்த இடைவெளி அடைக்கப்பட்டது. 1858 ஜனவரி 1 அன்று காலிக்கும் கொழும்புக்கும் இடையே இலங்கையின் முதல் தந்திப் பாதை திறந்தது. காலி ஏன் முதலில் வந்தது என்பதற்குக் காரணம் எளிது. கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு அணை வருமுன், ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் காலியில்தான் நின்றன. சூயஸ் வழியாக வந்த செய்தி முதலில் இறங்கும் இடம் அது. ‘ஒப்சேவர்’ பத்திரிகை 1850 முதல் காலியிலிருந்து கொழும்புக்குப் புறாக்களின் காலில் செய்தி கட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு. அதே ஆண்டில் மன்னாருக்கும் இராமேசுவரக் கரைக்கும் இடையிலான குறுங்கடலில் கம்பி இறக்கப்பட்டு, இலங்கை இந்தியக் கம்பியோடு சேர்ந்தது. இலங்கைப் பாதைகளும் தொடக்கத்தில் இந்தியத் தந்தித் துறையின் பொறுப்பிலேயே இருந்தன. காலியில் இறங்கிய ஐரோப்பியச் செய்தி, கப்பல் சென்னையை அடையும் முன்பே கம்பி வழியாகச் சென்னையையும் கல்கத்தாவையும் அடைந்தது.

ஆக, மன்னாருக்குத் தந்தி வந்தது மன்னார் மக்களுக்காக அல்ல. வடக்கின் உப்பளத்துக்கோ முத்துக்குளிப்புக்கோ நெல்லுக்கோ அல்ல. காலித் துறைமுகத்தையும் கல்கத்தாச் செயலகத்தையும் சேர்க்கும் வழியில் மன்னார் இருந்தது. கொழும்பின் கோப்பிக் கம்பெனிகளுக்கும் இது பெரும் வாய்ப்பு. கோப்பித் தோட்டங்கள் கண்டி மலையில் விரிந்துகொண்டிருந்த காலம் அது. இலண்டன் விலை கப்பலில் காலி வரும். காலியிலிருந்து நிமிடங்களில் கொழும்பு வந்துவிடும்.

இனி அதே மன்னார்க் கரையில் இறங்கிய மனிதர்களைப் பார்ப்போம். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இராமேசுவரக் கரையில் தோணியேறி, தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னியின் மேற்கோரக் காடுகளூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். நூறு மைலுக்கு மேற்பட்ட நடை. வழியில் நல்ல தண்ணீர் அரிது, தங்குமிடம் அரிது, காய்ச்சலும் கொலராவும் தாராளம். கூட்டமாகப் புறப்பட்டவர்கள் குறைந்த கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். விழுந்தவர்களைக் காட்டோரத்தில் விட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. பெருந்தொகை என்பதில் இல்லை.

1858 இன் மன்னாரை ஓஷானெசியின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கையில் எனக்கு மனம் ஆறுவதில்லை. அவருடைய கம்பி அந்தக் கரையில் ஏறிவிட்டது. கோப்பியின் விலை காலியிலிருந்து நிமிடங்களில் கொழும்பு வந்தது. ஆனால் கோப்பி பறிக்கப் போனவன், அதே மனிதர் கால் நூற்றாண்டுக்கு முன்பு எழுதிவைத்த நீரும் உப்பும் கிடைக்காமல், காட்டுப் பாதையில் வற்றிச் செத்தான். இரண்டு கண்டுபிடிப்பும் ஒரே கையிலிருந்து வந்தவை. ஒன்றை அரசு ஐந்தே ஆண்டில் நாலாயிரம் மைலுக்கு விரித்தது. மற்றதை யாரும் விரிக்கவில்லை. ஓஷானெசியும் அதற்காகத் திரும்பிப் போராடவில்லை. கொலராவின் தாயகமான வங்காளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், தம் இளமையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைக் கைவிட்டுக் கம்பியின் பின்னால் போனார். உப்புநீருக்கு ஒரு டல்ஹௌசி கிடைக்கவில்லை என்பதும் உண்மை; அவர் தேடவில்லை என்பதும் உண்மை.

நீரும் உப்பும் திரும்பி வர நெடுங்காலம் ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்ட் ரொஜர்ஸ் கல்கத்தாவில் கொலரா நோயாளிகளுக்கு நாளம் வழியாகச் செறிவான உப்புநீர் ஏற்றி இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். 1960களில், குளுக்கோஸ் சேர்ந்திருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்பது தெளிவானது. அதாவது ஊசியில்லாமல் வாய்வழியே கொடுக்கலாம். 1971 இல் வங்காளதேசப் போரின் அகதிகள் எல்லை தாண்டிக் குவிந்த பங்கான் முகாமில், சேலைன் தீர்ந்துபோன நிலையில், திலிப் மகாலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பையும் குளுக்கோசையும் அப்பச்சோடாவையும் அளந்து நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். முப்பது வீதம் அளவில் இருந்த இறப்பு நான்கு வீதத்துக்கும் கீழே வந்தது. சண்டர்லாந்தில் அளந்ததற்கும் பங்கானில் ஊட்டியதற்கும் இடையே 140 ஆண்டுகள்.

வன்னியில் இருப்பவர்களுக்கு அந்தக் கரைசலை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜீவனி என்று கேட்டு வாங்குகிறோம். ஒரு லீற்றர் நீருக்கான சேர்மானத்தில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் இருக்கின்றன. மீதி பொற்றாசியமும் சித்திரேற்றும். போரில் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் வாழ்ந்த ஆண்டுகளில் வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளை அந்தப் பக்கெற் காப்பாற்றியதைக் கண்ட தாய்மார் கண்டாவளையிலும் தருமபுரத்திலும் விசுவமடுவிலும் இருக்கிறார்கள். தகவல் தொடர்பு இல்லாத வாழ்க்கையையும் அவர்கள் அறிவார்கள். 1990 இல் புகையிரதம் நின்றது, தொலைபேசி நின்றது, வெளிநாட்டிலுள்ள மகனின் நலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழி வரும் கடிதத்தில்தான் அறிய முடிந்தது. கம்பி இல்லாத வாழ்க்கை எவ்வளவு வலி என்பதை அறிந்தவர்களாகவே நாம் ஓஷானெசியின் தந்தியை மதிக்கிறோம். ஆனாலும் இரண்டில் எது பெரிது என்று கேட்டால், எனக்குத் தயக்கம் இல்லை. கம்பி இல்லாமல் காத்திருந்தோம். உப்பும் நீரும் இல்லாவிட்டால் காத்திருக்க ஆள் இருந்திருக்காது. அந்த 23 வயது இளைஞரின் இரத்தப் பகுப்பாய்வே அவர் வாழ்க்கையின் தலையாய பணி.

ஓஷானெசி 1860 இல் இந்தியாவை விட்டுப் போனார். அடுத்த ஆண்டில் தம் குடும்பப் பெயரை புரூக் என்று மாற்றிக்கொண்டார். அதன் பிறகு அறிவியலிலோ தந்தியிலோ அவர் பெயர் கேட்கவில்லை. 1889 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் சவுத்சீயில் இறந்தார், வயது 80. ஊக்ளிக் கரையில் அவர் மூங்கில் நட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகின் கடலடியெங்கும் கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. 2013 ஜூலையில் இந்தியா தன் தந்திச் சேவையை மூடியபோது பத்திரிகைகள் அவரை மீண்டும் நினைத்தன, அப்போதும் தந்திக்காரராகத்தான்.

நம் விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மின்னோட்டப் பாடத்தில் மோர்ஸ் பெயரைச் சொல்லும்போது ஓஷானெசியின் பெயரையும் சொல்லுங்கள். தடித்த கம்பிக்கும் மின்தடைக்கும் அவருடைய பாதையை உதாரணம் காட்டுங்கள். வயிற்றோட்டமும் நீரிழப்பும் படிப்பிக்கும்போது மறுபடியும் அதே பெயரைச் சொல்லுங்கள். லாற்றாவையும் மகாலனாபிஸையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: வடக்கின் தபாற் கந்தோர்களில் மோர்ஸ் அடித்துத் தந்தி அனுப்பிய கடைசித் தலைமுறையினர் முதியவர்களாக நம்மிடையே இருக்கிறார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் 2009 இல் இறுதிப் போரில் வீட்டுப் பெட்டிகளோடு காகிதங்கள் போனதையும் கண்ட நமக்கு, பதியாத நினைவு தங்காது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற அந்தத் தபாலதிபர்களையும் தந்தியாளர்களையும் பாடசாலைக்கு அழையுங்கள். அவர்கள் குரலைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். வீட்டில் பழைய தந்தித்தாள் இருந்தால் படமெடுத்து, பதிவோடு சேர்த்து நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்துக்கு அனுப்பிவையுங்கள்.